கறி, மீன் சாப்பிடும் வீட்டிலும் இரத்தசோகை

"வாரம் தவறாமல் கறியும் மீனும் சமைக்கிறோம். எங்கள் வீட்டில் யாருக்கு இரத்தசோகை வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். இரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துக் குறைவுதான் என்ற எண்ணத்தில், வைட்டமின் குறைவால் வரும் வகையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அவை சரியாக முதிர்வதற்கு வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் தேவை. இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். இந்த வைட்டமின்கள் குறைந்தால் அணுக்கள் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்துவிடும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'எம்.சி.வி.' என்ற அளவு 100-க்கு மேல் போனால் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார்.

கறி, மீன், முட்டை, பாலில் பி12 இருப்பது உண்மைதான். ஆனால் சாப்பிடுவது வேறு, உடம்பில் சேர்வது வேறு. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் துணை செய்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12-ஐ உறிஞ்சும். முதுமையில் உறிஞ்சும் திறன் குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் என்று ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையக்கூடும்.

ஃபோலிக் அமிலம் கீரை, பயறு, ஈரல் ஆகியவற்றில் உள்ளது. உடம்பில் அதன் இருப்பு சில மாதங்களுக்கே வரும். கர்ப்ப காலத்தில் தேவையும் கூடும். 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஏழை முஸ்லிம் பெண்களிடமே அது அதிகம் காணப்பட்டது. அவர்களுடைய உணவும் மற்றவர்களுடையதைவிடச் சத்துக் குறைந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது. பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் கறித்துண்டை வைத்துவிட்டு, மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் உம்மாமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

சோர்வு, மூச்சிரைப்பு, படபடப்பு, வழவழப்பாகிப் புண்ணாகும் நாக்கு ஆகியவை பொதுவான அறிகுறிகள். பி12 குறைந்தால் இவற்றோடு கைகால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவையும் வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் "இது சர்க்கரையால் வந்த மரப்பு" என்று இருந்துவிடுகிறார்கள். காலம் கடந்தால் நரம்புப் பாதிப்பு முழுமையாகச் சரியாகாமல் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பி12 குறைவு உள்ளவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்த அளவு உயரும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். ஆகவே மருந்துக்கடையில் டானிக் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் இரும்பு, ஃபோலிக் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்; மரப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. காரணம் எது என்று கண்டறிந்த பிறகே மருந்து. பி12 குறைவு ஊசியாலோ மாத்திரையாலோ குணமாகக்கூடியது. உங்கள் வாப்பாவோ உம்மாவோ பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்களா? அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது, பி12 அளவையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.