உங்களுக்குத் தெரியுமா? மைதானத்திலிருந்து நிர்வாக நாற்காலிக்கு!

● பெப்சிகோவை 2006 முதல் 2018 வரை வழிநடத்திய இந்திரா நூயி, தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தபோது கிரிக்கெட் ஆடியவர். 2018-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் முதல் பெண் சுயேச்சை இயக்குநராகவும் ஆனார். குழுவாக உழைப்பது, நேர்மை, மரியாதை, ஆரோக்கியமான போட்டி ஆகியவற்றைக் கிரிக்கெட் தனக்குக் கற்றுத் தந்ததாக அப்போது அவர் சொன்னார்.

● எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் பல நாடுகளில் 400 பெண் நிர்வாகிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மிக உயர்ந்த பொறுப்புகளில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் கல்லூரிக் காலத்தில் விளையாடியவர்கள். மற்ற நிலை நிர்வாகிகளில் அது 39 சதவீதம்தான். விளையாட்டு மட்டுமே பதவி வாங்கித் தந்தது என்று இதற்குப் பொருளல்ல. இரண்டும் கைகோத்து வருகின்றன, அவ்வளவுதான்.

● தலைமைப் பண்பைக் கற்க, காவிரிப் படுகையின் பாடசாலை கபடிக் களம். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன், 40 வயதைக் கடந்த பிறகு, 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டனாகப் புரோ கபடி கோப்பையை வென்றார்.

● கபடியில் ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிச் சென்று வருவதற்கு, 30 நொடிதான். ஓரத்தில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கக் கொஞ்சம் அவசரப்பட்டாலும் எதிரணிக்குப் புள்ளி போய்விடும். பிடித்த பின்னும் பக்கத்து ஆள் பாய்ந்து வந்து விழாவிட்டால் பாடி வந்தவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பொறுத்திருந்து முடிவெடுப்பது, கூட இருப்பவரை நம்புவது: நிர்வாகப் பாடமும் இதுதானே!