பந்தலுக்கு அடியில் சேரும் தாமிரம்

மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கியதும் ஓர் இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அந்த மருந்து இலையைக் கருக்கிவிடும் என்று பொருள். செந்நிறம் படிவது நிற்கும்வரை சுண்ணாம்பு சேர்த்த பிறகே போர்டோ கலவை தெளிப்பானுக்குப் போகும்.

இலைக்காக இவ்வளவு கவனமாகச் சோதிக்கிறோம். அதே மருந்து சொட்டி விழும் மண்ணையும் சோதிக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். கவாத்து முடிந்து துளிர்விடும் நேரத்தில் மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு 1880-களில் பிரான்சில் கண்டறிந்த மருந்துதான் போர்டோ கலவை.

தெளித்த தாமிரம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை. தாமிரம் ஒரு தனிமம். பல பயிர் மருந்துகளைப் போல அது சிதைந்து மறையாது. மண்ணின் மட்கோடும் களியோடும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அளவு மீறினால் வேர் வளர்ச்சி குன்றும், மண்புழுவும் நுண்ணுயிரும் குறையும். மண் புளிப்பாக இருந்தால் பாதிப்பு கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம். அதில் கால்பங்கு, அதாவது சுமார் 250 கிராம், தாமிரம். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் கணக்கில் ஆண்டுக்கு ஏக்கருக்கு சுமார் 1.6 கிலோ. ஏறக்குறைய 640 லிட்டர் தெளித்தாலே அந்த வரம்பு நிரம்பிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

2015-இல் தொடங்கிய மண் வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் தாமிரமும் கார அமில நிலையும் உண்டு. 'பற்றாக்குறை இல்லை' என்று பார்த்ததும் அட்டையை மடித்து வைத்துவிடக் கூடாது. எண் எவ்வளவு என்று படிக்க வேண்டும். திராட்சைக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்துக் கொடுத்தால், தாமிரம் எந்த அடுக்கில் நிற்கிறது என்பது புலப்படும். ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எண் கூடியிருந்தால் தொழுவுரமும் மட்கும் தாமிரத்தைப் பிடித்துவைக்கும். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு உதவும். ஆனால், சேர்ந்த தாமிரத்தை வெளியே எடுக்க எளிய வழி கிடையாது. நாள் கணக்குப் பார்த்துத் தெளிக்காமல், நோய் வரும் வானிலை பார்த்துத் தெளிப்பதே சரி.

திராட்சைப் பந்தலைப் பிரித்து வாழையோ காய்கறியோ வைக்கப் போகிறவருக்கும் இது பொருந்தும். கல்தூணைப் பிடுங்கிவிடலாம், தாமிரம் அடுத்த வெள்ளாமைக்கும் அங்கேயே இருக்கும்.