வெந்நீர்க் கலனும் அதன் வாழ்நாளும்

ஐஸ்லாந்து நாட்டில் நிலத்தினின்று பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் கெய்சிர். நம் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்க் கலனைக் 'கீசர்' என்று வழங்குவது அப்பெயரின் வழி வந்ததே. விசையை அழுத்தியதும் வெந்நீர் தரும் இக்கருவியைப் பழுதாகும் நாள்வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உப்பு, துரு, அழுத்தம் ஆகிய மூன்றும் அதன் பகைகள். இவற்றை அறிந்து பேணினால் கருவியின் வாழ்நாள் நீளும். வீட்டாரின் உயிருக்கும் காப்பாகும்.

உப்புப் படிவு

ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினநீராக உள்ளது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், வெப்பத்தால் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் நாம் காணும் வெண்படிவு இதுவே. கலனின் வெப்பமூட்டும் சுருளிலும் இது படிகிறது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் சுருளின் வெப்பம் நீரைச் சென்றடையத் தடைப்படுகிறது. நாளடைவில் சுருள் அளவுகடந்து சூடேறி எரிந்துபோகிறது. நீர் சூடாகும்போது கலனுள் எழும் இரைச்சல், படிவு மிகுந்துள்ளதை உணர்த்தும்.

வெப்பநிலை கூடுந்தோறும் படிவு விரைந்து உருவாகும். மிகக் குறைந்த வெப்பத்தில் நீரைத் தேக்கினாலோ நோய்க்கிருமிகள் பெருகக்கூடும். ஆகவே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் என்னும் அளவு பொருத்தமானது. கடினநீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கலனை வடித்துப் படிவை அகற்றுதல் வேண்டும்.

துரு

கலனின் எஃகுத் தொட்டி துருப்பிடிக்காதிருக்க, உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு இடுவர். பூச்சில் நுண்ணிய விரிசல் நேர்ந்தால் எஃகைக் காப்பது உள்ளே பொருத்தப்பட்ட மெக்னீசியத் தண்டு. இரும்பைவிட எளிதில் வினைபுரியும் மெக்னீசியம், தான் முதலில் கரைந்து தொட்டியைக் காக்கிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலறிஞர், கப்பல்களின் செப்புத் தகடுகளைக் கடல்நீரின் அரிப்பிலிருந்து காக்க இக்கோட்பாட்டையே கையாண்டார். தண்டு முற்றும் கரைந்தபின் அடுத்து அரிக்கப்படுவது தொட்டியே. எனவே கலனை வடிக்கும்போதே தண்டையும் ஆய்ந்து, தேய்ந்திருப்பின் மாற்றிவிட வேண்டும். தண்டின் விலை சிறிது. தொட்டி ஓட்டையானால் கலனையே மாற்ற நேரும்.

அழுத்தம்

நீர் சூடாகும்போது விரிவடைகிறது. மூடிய கலனுள் விரிய இடமின்மையால் அழுத்தம் உயர்கிறது. அதனை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. கலன் இயங்குகையில் இவ்வால்விலிருந்து சில துளிகள் சொட்டுவது இயல்பு. அதைக் குறையெனக் கருதித் துணியாலோ அடைப்பானாலோ அடைத்தல் பெருந்தீங்கு. வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் பழுதுற்றால், அழுத்தம் வெளியேற வழியின்றிக் கலன் வெடிக்கக்கூடும். இடைவிடாது நீர் ஒழுகினால் தேர்ந்த பணியாளரை அழைப்பதே முறை.

கருவியின் மூடியைத் திறக்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல், நில இணைப்பு செம்மையாக உள்ளதா எனச் சோதித்தல், நீர் நிரம்பாத கலனை இயக்காதிருத்தல் ஆகியவை எந்நாளும் மறவாது பின்பற்றத்தக்கவை. 2 கிலோவாட் கலன் அரைமணி நேரம் தொடர்ந்து சூடேறினால் ஓர் அலகு மின்சாரம் செலவாகும். தேவை முடிந்ததும் விசையை அணைத்தல் சிக்கனமுமாகும்.

வாங்கும் நாளில் விலையை ஆராயும் நாம், வாங்கியபின் பேணுவதற்கு ஆண்டில் ஒருநாளை ஒதுக்கினால் போதும். கருவியும் நிலைக்கும், இல்லமும் இடரின்றி இருக்கும்.