தொண்டையில் குத்திய கம்பி முள்!

அமெரிக்காவில் கோடைக்காலம் வந்துவிட்டால், வீட்டுக்கு வீடு தோட்டத்தில் அடுப்புப் புகையும். அடியில் கரி நெருப்பு. மேலே கம்பித் தட்டு. அதில் இறைச்சித் துண்டுகள் "சுர்" என்று வேகும். ஜூலை 4-ந் தேதி அவர்களின் சுதந்திர தினம். அன்று இந்த அடுப்புக்கு ஓய்வே கிடையாது!

இந்த விருந்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்து இருக்கிறது.

மிதவை அடுப்பு ஆனது

சிகாகோவில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். அங்கே தண்ணீரில் மிதக்கும் இரும்பு மிதவைகளும் செய்வார்கள். 1952-ம் ஆண்டு, உருண்டையான மிதவையை அவர் இரண்டாக்கினார். ஒரு பாதி அடுப்பு. மறு பாதி மூடி. கீழே 3 கால்கள்! மூடி போட்ட அந்த அடுப்பு பெரும் புகழ் பெற்றது.

6 பேர் படுக்கையில்!

கம்பித் தட்டில் கொழுப்பும் கரியும் அப்பிக்கொள்ளும். அதைத் தேய்க்கக் கம்பி பிரஷ் உண்டு. பிரஷ் தேய்ந்தால், ஊசி போன்ற கம்பி முள் கழன்று தட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை இறைச்சியோடு வாய்க்குள் போய்விடும்!

ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை 6 பேர் இப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குத் தொண்டையில் முள் குத்தியது. சிலருக்குக் குடலையே துளைத்துவிட்டது! அவசர ஆபரேஷன் செய்யவேண்டியதாயிற்று.

சுத்தம் செய்வது எப்படி?

தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே சுரண்டவேண்டும். ஆறினால் கொழுப்பு இறுகிவிடும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாலும் அழுக்குப் போகும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, இரும்புத் தட்டானால் எண்ணெய் தடவவேண்டும். துரு பிடிக்காது.

சாம்பலை அள்ளாமல் விட்டால், ஈரம் பட்டு இரும்பை அரிக்கும். ஆனால், நன்றாக ஆறிய பிறகே அள்ளவேண்டும். சாம்பலுக்குள் கங்கு இருக்கும். மூடி உள்ள தகரவாளியில் கொட்டுவதே நல்லது.

கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தீ சிதறும். மூடியைப் போட்டு, காற்றுத் துளைகளை அடைத்தால் அணையும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அதன் நச்சுக்காற்று ஆளைக் கொல்லும்.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் உதிரக்கூடியதுதான். கழுவிய பாத்திரத்தை ஒருமுறை துணியால் துடைத்துவிட்டால், கவலை இல்லை!