ஒரே அட்டை, இரண்டு முத்திரை

விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையின் விலையை, அவ்வீரரின் புகழுக்கு அடுத்தபடியாக, அட்டை எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. அந்த நிலையை ஆராய்ந்து, 1 முதல் 10 வரை ஓர் எண்ணை வழங்கி, உடைத்தாலன்றித் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அட்டையை அடைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அமெரிக்காவில் வளர்ந்திருக்கின்றன. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ., 1998இல் வந்த எஸ்.ஜி.சி., அதற்கு அடுத்த ஆண்டு வந்த பெக்கெட் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. ஒரு நிறுவனம் எண்ணிட்டு அடைத்த அட்டையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்து மீண்டும் எண் பெறுவதைச் சேகரிப்பாளர்கள் ‘கிராஸ்ஓவர்’ என்கிறார்கள்; தமிழில் மறுதரமிடல் எனலாம். பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சட்டைப்பையில் திணித்து வளர்ந்த தலைமுறைக்கு இது தொலைவான உலகமாகத் தோன்றினாலும், தரம் என்ற சொல்லின் பொருளை இவ்வழக்கத்தைப் போலத் தெளிவாகக் காட்டுபவை குறைவு.

எண்ணால் தரம் சொல்லும் வழக்கம் நெல்லிலும் உண்டு: கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி. பருவம் தவறிய மழையை முன்னிட்டு 2023 பிப்ரவரியில் அதனை 20 விழுக்காடு வரை ஒன்றிய அரசு தளர்த்தியதும் உண்டு. ஓரிரு விழுக்காட்டுக்காகச் சாலையோரத்தில் நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கும் உழவருக்கு அந்த எண் எவ்வளவு கடுமையானது என்பது தெரியும், எனினும் ஐயம் எழுந்தால் அதே நெல்லை வேறொரு கருவியில் இட்டுப் பார்க்க வழியிருக்கிறது. தங்கத்திலும் அப்படியே: 916 முத்திரை பெற்ற நகையை மற்றொரு சோதனை மையம் உருக்கிப் பார்த்தாலும் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு மையங்களுள் ஒன்று தவறு செய்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அட்டைக்கு இத்தகைய அளவுகோல் இல்லை. படம் நடுவில் அமைந்திருக்கிறதா, நான்கு மூலைகளும் கூர்மை குன்றாமல் இருக்கின்றனவா, விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ அச்சுக்கறையோ உண்டா என்னும் நான்கையும் உருப்பெருக்கியின் துணையோடு பார்த்து முடிவு சொல்வது பெரும்பாலும் பயிற்சி பெற்ற மனிதக் கண்ணே ஆகும். ஆகவே இரண்டு நிறுவனங்கள் இரண்டு எண்களைச் சொன்னால், இரண்டுமே நேர்மையான முடிவுகளாக இருக்கக் கூடும்.

மறுதரமிடலின் முழுக் கவர்ச்சியும் இவ்விடத்தில்தான் பிறக்கிறது. பெக்கெட் நிறுவனம் மேற்கூறிய நான்கு கூறுகளுக்கும் தனித்தனி எண்களை உறையிலுள்ள சீட்டில் அச்சிட்டு, பிறகு மொத்த எண்ணைத் தரும் வழக்கமுடையது. அதன் அளவில் 9.5 என்பது மிக உயர்ந்த நிலை, அதற்கு மேலுள்ள 10 மிக அரிது. பி.எஸ்.ஏ. 2008 முதல் அரை எண்களை வழங்கினாலும் அவை 8.5 உடன் நின்றுவிடுகின்றன, 9க்கும் 10க்கும் இடையில் அங்கே படி கிடையாது. எனவே பெக்கெட்டில் 9.5 பெற்ற அட்டை பி.எஸ்.ஏ.வுக்குப் போனால் 10 என்று ஏறவோ 9 என்று இறங்கவோ வேண்டியிருக்கிறது. பல அட்டைகளில் பி.எஸ்.ஏ. 10க்குச் சந்தை தரும் விலை 9க்குத் தரும் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், அட்டையின் ஓர் இழை கூட மாறாமலே அதன் மதிப்பு பெருமளவு ஏறவோ இறங்கவோ முடியும்.

மறுதரமிடலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவதில், பழைய உறையோடே அட்டையை அனுப்பி, இன்ன எண்ணுக்குக் குறைந்தால் மாற்ற வேண்டாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்கிறார். அந்த எண் கிடைக்காவிட்டால் அட்டை பழைய உறையிலேயே திரும்பும், கட்டணம் மட்டும் திரும்பாது. இரண்டாவதில், பழைய சீட்டிலுள்ள எண் புதியவரின் கண்ணைக் கட்டிவிடும் என்று அஞ்சுவோர் உறையை உடைத்து, முன்பு தரமிடப்படாத அட்டையைப் போல அனுப்புகிறார்கள். உடைக்கும்போது ஒரு மூலை மழுங்கினால் அந்த இழப்பு மீளாதது; விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது என்று புதிய நிறுவனம் கருதினால் எண்ணே கிடைக்காமலும் போகலாம். இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்குப் போகவர அஞ்சல், காப்பீடு, சுங்கம் என்னும் சுமைகளும் சேரும். உறையை உடைக்கும் வழியால் பொதுவுக்கும் ஒரு கேடு விளைகிறது: எந்த அட்டை எந்த எண்ணில் எத்தனை உள்ளது என்று நிறுவனங்கள் வெளியிடும் கணக்கில், உடைத்து மீண்டும் அனுப்பிய ஒரே அட்டை, பழைய சீட்டை யாரும் திருப்பித் தராதபோது, இரண்டு மூன்றாக எண்ணப்பட்டுவிடுகிறது.

எண்ணைவிட நிறுவனத்தின் பெயருக்கே விலை என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மேன்ட்டிலின் அட்டை ஒன்று எஸ்.ஜி.சி. உறையில், 9.5 என்ற எண்ணோடு, பி.எஸ்.ஏ.வுக்கு மாறாமலே 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே அட்டையின் வேறொரு பிரதி, பி.எஸ்.ஏ. 9 பெற்றது, முந்தைய ஆண்டு 52 லட்சம் டாலருக்கு விற்றிருந்தது. 2024 பிப்ரவரியில் பி.எஸ்.ஏ.வின் தாய்நிறுவனமே எஸ்.ஜி.சி.யை வாங்கியது. ஒரே முதலாளியின் இரண்டு கூடங்களுக்கு இடையே அட்டை மாறும்போது அதை வேறொருவரின் தீர்ப்பு என்று எந்த அளவுக்குக் கொள்ளலாம் என்பது சேகரிப்பாளர்கள் அழுத்திக் கேட்க வேண்டிய கேள்வி.

உண்மையிலேயே இரண்டாவது கண் தேவைப்பட்ட அட்டை வேறொன்று. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டைகளுள் ஒன்றை 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலருக்கு வாங்கினர், பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டை அதுதான், பெற்ற எண் 8. விளிம்பு வெட்டப்பட்ட அட்டைக்கு எண் தரக்கூடாது என்பது தரமிடலின் அடிப்படை விதியாக இருந்தும், அந்த 8 அதன் மீது நிலைத்து, 2007இல் அட்டை 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. தொடக்கத்தில் அதனை விற்ற பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாக 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.