தறி ஓடட்டும், காது கேட்கட்டும்: காசில்லாமல் கிடைக்கும் ஒலிநூல்கள் தெரியுமா?

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கால் மிதிப்பலகையில், கை நாடாவில், கண் பாவில். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஓர் இழை தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால் துணைக்கு இன்னோர் ஆளும் உட்கார வேண்டும். கை, கால், கண் எல்லாம் தறிக்கே போய்விட்டன. மிச்சம் இருப்பது காது மட்டும்தான்! பிள்ளையார்பாளையத்து வீடுகளில் முன்பு ரேடியோ பாடிய இடத்தில் இன்று செல்போன் பாடுகிறது. அதே போனில் ஒரு நூலகமே வாய் திறந்து பேசும், அதற்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் ஆச்சரியம் இந்த ஊர்க்காரர்களுக்கே உரியது. காஞ்சியில் உட்கார்ந்தபடி காஞ்சி முற்றுகையைக் காதால் கேட்கலாம்! கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1940களில் கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது. நான்கு பாகங்களில் இரண்டாவது பாகத்துக்குப் பெயரே ‘காஞ்சி முற்றுகை’. ஒரு புத்த பிக்ஷுவும் ஓர் இளைஞனும் காஞ்சியை நோக்கி நடந்துவரும் பாதையில் கதை தொடங்குகிறது. மகேந்திர பல்லவர், மாமல்லர், ஆயனச் சிற்பி, சிவகாமி என்று எல்லோரும் இதே தெருக்களில்தான் நடமாடுகிறார்கள். தன்னார்வலர்கள் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துப் பதிவேற்றிய கல்கி நாவல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பாட்காஸ்ட் செயலிகளிலும் கிடைக்கின்றன. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ இப்படித் தமிழ்க் கதைகளை வாசித்துத் தரும் பாட்காஸ்ட்தான். ஒரு சேலை முடிவதற்குள் ஒரு பல்லவ சாம்ராஜ்யத்தையே கேட்டு முடித்துவிடலாம்.

இவ்வளவு பெரிய நாவலை யார் வேண்டுமானாலும் வாசித்து இணையத்தில் போடலாமா, சட்டம் விடுமா என்று கேட்பீர்கள். விடும்! இந்தியாவில் ஒரு நூலுக்கான பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுள் காலமும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். 2015 பிறந்ததுமே அவர் எழுத்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அதற்கும் முன்பே தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்து நூல்களை மக்களுக்குப் பொதுவாக்கும் இந்த ஏற்பாடு, 1949-இல் பாரதியின் படைப்புகளை அரசு வாங்கியதில் தொடங்கியது. இன்று 150-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நாம் இலவசமாகக் கேட்கும் தமிழ் ஒலிநூல்களில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டின் தோளில்தான் நிற்கிறது. அதை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தப் பட்டியலில் காஞ்சியின் பிள்ளையும் உண்டு என்பது தெரியுமா? நெசவுக் குடும்பத்தில் 1909-இல் இங்கே பிறந்த அண்ணாவின் எழுத்துகள் 1995-இல் நாட்டுடைமை ஆயின. ‘வேலைக்காரி’, ‘ஓர் இரவு’, ‘ரங்கோன் ராதா’ என்று எல்லாமே இப்போது நம் சொத்து. அண்ணாவின் நாடகத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தவர் வேறு யாருமல்ல, அதே கல்கிதான்! எழுத்து மட்டுமா? அண்ணாவின் மேடைப் பேச்சுகளே ஒலிவடிவில் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அந்தக் கரகரத்த குரல், மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியம், நடுவே கூட்டத்தின் ஆரவாரம். 1942-இல் இந்த ஊரிலிருந்துதான் அவர் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அவர் வீடு இன்று நினைவு இல்லம். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் போனில் அவர் பேச்சு ஒன்றைப் போட்டுக் கேட்டுப்பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

இன்னும் பின்னால் போவோம். புத்தகத்தைக் காதால் கேட்பது புதுப் பழக்கமே இல்லை, தெரியுமா? குமரகோட்டத்துக்குப் போனால் கந்தபுராணம் அரங்கேறிய மண்டபத்தைக் காட்டுவார்கள். அந்தக் கோயிலில் பூசை செய்த கச்சியப்ப சிவாச்சாரியாருக்கு முருகனே முதலடி எடுத்துக் கொடுத்தான் என்பது ஊர் நம்பிக்கை. அரங்கேற்றம் என்றால் என்ன? நூலை இயற்றியவர் சபை நடுவே பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்க, கூடியிருப்பவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்பது. அச்சுக்கும் தாளுக்கும் முந்திய ஒலிநூல் அது!

இதில் என்னை வாயடைக்க வைத்த சேதி வேறு. காஞ்சியில் அரங்கேறிய இந்த நூல் இன்று மிக உயிரோடு ஒலிப்பது கடல் கடந்து யாழ்ப்பாணத்தில். அங்கே கோயில்களில் ‘புராணபடனம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்வார், ஊர் உட்கார்ந்து கேட்கும். யாழ்ப்பாணத்தவர் தங்கள் வாழ்வையே கந்தபுராணக் கலாசாரம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது ஊறிப்போனது. யூடியூபில் ‘கந்தபுராண படனம்’ என்று தேடினால் கேட்கலாம். ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தையும் அதன் பல்லூடகக் கிளையான ‘ஆவணக’த்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதியவர்களின் வாய்மொழி வரலாறுகள் ஒலியாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் இலவசம்.

நம் பக்கத்திலும் பாரதம் கேட்காத ஊரா? திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவில் கூத்து நடக்கும், விடியும்வரை. காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் கட்டைக்கூத்துக்காகவே சங்கமும் குருகுலமும் நடத்தியவர்கள். கூத்துப் பதிவுகள் இணையத்தில் நிறைய உண்டு. படம் பார்க்காமல் காதில் மட்டும் வாங்கிப்பாருங்கள், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் குரல் தனியாகத் தெரியும்.

ஏகாம்பரநாதரும் ஒலிநூலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இதைச் சொல்லாமல் விடவே முடியாது. பார்வை இழந்து வந்த சுந்தரர் இடக்கண் பெற்றது இந்தக் கச்சி ஏகம்பத்தில் என்று பெரிய புராணம் சொல்கிறது. மேல்நாட்டில் ஒலிநூல் பிறந்ததே பார்வை இழந்தவர்களுக்காகத்தான்! முதல் உலகப் போரில் கண்ணைப் பறிகொடுத்த வீரர்களை நினைத்து பிரிட்டனில் ‘பேசும் புத்தகம்’ தொடங்கியது 1935 நவம்பரில். இசைத்தட்டில் வந்த முதல் புத்தகங்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று. பார்வையற்றவர்களுக்காக நூல்களை வேறு வடிவில் மாற்ற வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியா! 2014-இல். அதைத் தொடர்ந்து 2016 ஆகஸ்டில் மத்திய அரசு ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தைத் திறந்தது. தமிழ் நூல்களும் அதில் உண்டு. அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகப் பதிந்துகொண்டால் போதும். பல ஆண்டு தறியில் கண் மங்கிப்போனவர்கள் இருக்கும் ஊரில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஏகம்பத்தைச் சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய பதிகங்களைக் காசு செலவில்லாமல் பண்ணோடு கேட்கவும் வழி இருக்கிறது. தருமபுரம் ஆதீனத்தின் ஆதரவில் இயங்கும் ‘தேவாரம் டாட் ஆர்க்’ தளத்தில் பன்னிரு திருமுறையும் உண்டு. பாட்டின் மூலம், உரை, தருமபுரம் ப. சுவாமிநாதன் ஓதிய ஒலி என்று ஒரே இடத்தில் கிடைக்கும். காஞ்சிப் பெரியவரின் உரைகளை ரா. கணபதி தொகுத்த ‘தெய்வத்தின் குரல்’ ஏழு தொகுதிகளும் காமகோடி பீடத்தின் தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. பெரியவர் குரலிலேயே பதிவான பேச்சுகளும் இணையத்தில் உண்டு.

நூறு ஆண்டுக்கு முந்திய தமிழ்க் குரலைக் கேட்க முடியும் என்றால் நம்புவீர்களா? கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் அளவையோடு சேர்த்து, 1913-க்கும் 1929-க்கும் இடையே ஊர் ஊராக மக்களின் பேச்சை கிராமபோன் தட்டில் பிடித்தார்கள். பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையை ஒவ்வொரு மொழிக்காரரும் தன் மொழியில் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்து மொழிகளும் அதில் சேர்ந்தன, தமிழும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத் தளத்தில் அவை இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. கரகரவென்ற இரைச்சலுக்கு அடியிலிருந்து, நம் கொள்ளுத்தாத்தா காலத்து ஆள் ஒருவர் நிதானமாகக் கதை சொல்கிறார். ஒரு நிமிடம் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய ஒலி அது.

உலகம் முழுக்க இலவச ஒலிநூல் என்றதும் முதலில் வரும் பெயர் லிப்ரிவாக்ஸ். கனடாவின் மான்ட்ரியலில் ஹியூ மெக்குவயர் என்பவர் 2005-இல் தொடங்கினார். வாசிப்பவர் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆளுக்கு ஓர் அத்தியாயம் வாசிப்பார்கள், சிலர் தனியாகவே முழு நாவலையும் முடிப்பார்கள். இன்று 18,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்துவிட்டன, அத்தனையும் பொதுவுடைமை. தமிழ்ப் பதிவுகளும் உண்டு, ஆனால் ஆங்கிலத்தோடு பார்த்தால் சொற்பம். அமெரிக்கச் சட்டப்படி உரிமை முடிந்த நூல்களையே அவர்கள் ஏற்பார்கள் என்பதால், 1879-இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ போன்ற பழைய நூல்களே அங்கே வாசிக்கத் தோதானவை. வாசிக்க மூலம் வேண்டுமா? 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு ‘ஸ்டோரிவீவர்’ தளம்: படத்தோடு கதை, சிலவற்றுக்குக் கூடவே வாசித்துக் காட்டும் குரலும் உண்டு.

இனி கைக்கு உதவும் சில விஷயங்கள். ஆர்க்கைவில் தேடும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றித் தட்டுங்கள், பதிவேற்றியவர் எப்படி எழுதினாரோ யார் கண்டது. பக்கவாட்டில் ஆடியோ என்று வடிகட்டினால் புத்தகப் படங்கள் ஒதுங்கிவிடும். எம்பி3 கோப்பாக இறக்கிக்கொள்வது உத்தமம். 64 கேபிபிஎஸ் அளவில் ஒரு மணி நேரப் பேச்சு 29 எம்பிக்குள் அடங்கும். வீட்டு வைஃபையில் இரவில் இறக்கிவிட்டால் மறுநாள் தறியில் உட்காரும்போது நெட்டே வேண்டாம். யூடியூபில் அப்படி இல்லை: டேட்டாவும் தீரும், காசு கட்டாவிட்டால் திரை அணைந்ததும் ஒலியும் நிற்கும். ரேடியோவே போதும் என்கிறவர்களுக்கு ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் நிலையங்கள் நேரலையாகவே வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடப்பதெல்லாம் இலவசம் ஆகாது. கல்கியின் கதை பொதுச் சொத்துதான். அதை உயிரைக் கொடுத்து வாசித்தவரின் குரல்பதிவு அவருடையது. அதை எடுத்து வேறு பெயரில் ஏற்றிப் பணம் பார்ப்பது திருட்டு. நம் காலத்து எழுத்தாளர் ஒருவரின் நாவல் முழுதாக யாரோ ஒருவர் சேனலில் கிடந்தால், அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று விவரக்குறிப்பைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை உண்டு.

இவ்வளவு குரல் இருக்கும் இணையத்தில் எது இன்னும் போதவில்லை தெரியுமா? காஞ்சி நெசவாளியின் குரல். முந்தானைக்கு வேறு நிறப் பாவை இழை இழையாக இணைப்பது எப்படி, மழைக்காலத்தில் பாவு என்ன பாடு படுத்தும், முன்னோர் காலத்தில் எந்தப் புட்டாவுக்கு என்ன பெயர் என்பதையெல்லாம் வாயால் சொல்லக்கூடியவர்கள் இன்றும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவர்களிடம் போய் உட்காருங்கள். பதிவு செய்து இணையத்தில் போடலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். போனில் ரெக்கார்டரைத் திறந்து ஊர், தெரு, தேதி சொல்லித் தொடங்குங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். முடிந்ததும் ஆர்க்கைவில் கணக்குத் திறந்து தமிழிலேயே தலைப்புக் கொடுத்து ஏற்றுங்கள். கணக்கும் இலவசம், இடமும் இலவசம்.