மோட்டார் சைக்கிளில் செல்லும் மூத்தோர் கவனத்திற்கு: விபத்து ஏன் நேர்கிறது? எப்படித் தவிர்ப்பது?

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பல ஆண்டுகளாக இந்த நிலை மாறவில்லை. விபத்து என்றதும் வேகமாக ஓட்டும் இளைஞர்கள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் காலையில் பசாருக்கும் மாலையில் கோயிலுக்கும் மெதுவாக மோட்டாரில் போய்வரும் மூத்தோரும் விபத்தில் சிக்குகிறார்கள். ஒரே மாதிரி விழுந்தாலும், வயதானவரின் எலும்பும் மூளையும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. குணமாவதற்கும் அதிக நாளாகிறது.

நீங்கள் மோட்டார் ஓட்டுபவராக இருக்கலாம், அல்லது மகனின் பின்னால் உட்கார்ந்து செல்பவராக இருக்கலாம். இந்தக் கையேடு இருவருக்கும் உரியது.

விபத்துக்கான பொதுவான காரணங்கள்

1. மற்ற வாகனமோட்டி உங்களைப் பார்க்கவில்லை

சந்திப்பில் கார் வலப்பக்கம் திரும்பும்போது, எதிரே நேராக வரும் மோட்டாரை மோதிவிடுகிறது. "நான் பார்க்கவே இல்லை" என்கிறார் காரோட்டி. பெரும்பாலும் அது உண்மைதான். மோட்டார் சைக்கிள் சிறியது. அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கடினம். இதனால்தான் 1992-ஆம் ஆண்டு முதல், பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது நம் நாட்டில் கட்டாயமானது. அதன் பிறகு இவ்வகை விபத்துகள் கணிசமாகக் குறைந்தன.

என்ன செய்யலாம்? புறப்படும் முன் முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். வெளிர் நிறச் சட்டை அணியுங்கள். சந்திப்பை நெருங்கும்போது, உங்களுக்குப் பச்சை விளக்கே எரிந்தாலும் வேகத்தைக் குறைத்து, கை பிரேக்கில் இருக்கட்டும்.

2. லோரி, பேருந்தின் இடப்பக்கத்தில் செல்வது

சுங்கை பீசி சாலையிலும் அதைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளிலும் கனரக வாகனங்கள் அதிகம். லோரியின் இடப்பக்கத்தில் ஒட்டிச் செல்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். லோரி இடப்பக்கம் திரும்பினால் பின் சக்கரங்கள் உள்ளே வளைந்து வரும். ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்தங்கி நில்லுங்கள்.

3. மழையும் வழுக்கலும்

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை அதிகம் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெய் நீரோடு கலந்துவிடுவதே காரணம். வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், கட்டுமான இடங்களுக்கு அருகே சிந்திய மணல் ஆகியவையும் ஆபத்தானவை. தேங்கிய நீருக்கு அடியில் குழி இருக்கலாம்.

மழைக்கு ஒதுங்க நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழ், சாலையோரத்தில் நிற்பது பலரின் பழக்கம். அப்படி நின்றவர்கள் மீது வாகனம் மோதி உயிர்ச்சேதம் ஏற்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென அமைக்கப்பட்ட நிழற்கூடம், பெட்ரோல் நிலையம், ஓய்விடம் ஆகியவற்றில் மட்டும் ஒதுங்குங்கள். மழைக்காலத்தில் அவசரம் இல்லையெனில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

4. பிரேக்கைத் தவறாகப் பயன்படுத்துவது

"முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்று அஞ்சி, பலர் கால் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். ஆனால் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் உள்ளது. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக, சீராக அழுத்த வேண்டும். வளைவில் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட உங்களுக்கு ஒன்றரை விநாடி ஆனால், 25 மீட்டர் போன பிறகுதான் வண்டி வேகம் குறையவே தொடங்கும். வயது கூடக்கூட இந்த நேரமும் கூடுகிறது. எனவே முன்னே செல்லும் வாகனத்திலிருந்து முன்பைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

5. "பக்கத்தில்தானே" என்ற எண்ணம்

வீட்டுக்கு அருகில் உள்ள கடைக்குத் தலைக்கவசம் இல்லாமல் போவது, குறுக்குவழிக்காக எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகிய இரண்டும் பழகிய தெருவில்தான் அதிகம் நடக்கின்றன. நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தால்கூட, தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் இருக்கும். மண்டை ஓடு உடைய அது போதும்.

மாத்திரையும் நோயும்

* கண்: கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே வரும் விளக்கு கூசும், இரவில் குழி தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் இரவில் ஓட்டாதீர்கள்.
* இனிப்புநீர்: இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் சாப்பிடாமல் ஓட்டக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, இனிப்பு பானமோ சீனியோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையாகத் தெளியும் வரை ஓட்டாதீர்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் கால் பிரேக்கின் அழுத்தம் தெரியாது. இதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* மாத்திரை: சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் தலைசுற்றலைத் தரும். "இதைச் சாப்பிட்டு மோட்டார் ஓட்டலாமா?" என்று மருந்து வாங்கும்போதே கேளுங்கள்.
* கழுத்து: கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சரியாகப் பொருத்த வேண்டும்.

தலைக்கவசம்

தரமான தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை ஏறக்குறைய 40 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை ஏறக்குறைய 70 விழுக்காடும் குறைக்கிறது. சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையைக் கட்டாவிட்டால், மோதும்போது கவசம் முதலில் கழன்று ஓடிவிடும். பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். ஒருமுறை அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

பின்னால் உட்காரும் பெண்கள் கொண்டையைத் தாழ்த்திப் பின்னிக்கொண்டால் கவசம் சரியாகப் பொருந்தும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஒருபக்கமாக உட்காராமல், இருபுறமும் கால் போட்டு உட்காருவதே பாதுகாப்பு. இதற்குச் சுரிதார் அல்லது காற்சட்டை வசதி.

கிள்ளானுக்கோ ஷா ஆலாமுக்கோ செல்லும்போது

கூட்டரசு நெடுஞ்சாலையிலும் கெசாஸ் நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையின் தனிப்பாதை 1970-களிலேயே அமைக்கப்பட்டது. கார், லோரியிலிருந்து பிரித்துவிடுவதால் விபத்து குறைகிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதில் வளைவுகள் குறுகலானவை. வேகமாக வருபவருக்கு இடம் விட்டு, இடப்பக்கமாகச் செல்லுங்கள்.

விழுந்துவிட்டால்

1. 999-ஐ அழையுங்கள். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: சாலையின் பெயர், அருகிலுள்ள கட்டடம் அல்லது நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் எண்.
2. அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம்.
3. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம்.

இதை மறக்க வேண்டாம்

தலையில் அடிபட்ட பெரியவர் எழுந்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லலாம். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றியுள்ள சிறு இரத்தக்குழாய்கள் எளிதில் கிழியும். இரத்தம் மெல்லக் கசிந்து, பல மணி நேரமோ சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் அறிகுறி தெரியும். வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாத்திரைகளின் பெயர் எழுதிய தாளைப் பணப்பையில் எப்போதும் வைத்திருங்கள்.

வாந்தி, கடும் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம், குழப்பம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். சாலாக் செலாத்தான் வட்டாரத்தினர் செராஸில் உள்ள சான்சலர் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை அல்லது கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம்.

இந்தக் கையேட்டை வீட்டில் மோட்டார் ஓட்டும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.